கணினியில வைஃபை இருக்கு, ஆனா எந்தப் பக்கமும் திறக்கலையா?

அதே வைஃபையில் போனில் நெட் வருகிறதா என்று முதலில் பாருங்கள், வந்தால் கணினியின் ஆன்டிவைரஸில் வெப் ஷீல்டு அல்லது ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் என்பதை மட்டும் இரண்டு நிமிடம் அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனில் வருகிறது என்றால் ரூட்டரும் லைனும் பெரும்பாலும் சரிதான். பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, போய்வரும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பது இந்த ஷீல்டுதான், ஒரு அப்டேட்டில் அது சொதப்பினால் வைஃபை இணைந்தே இருக்கும், பக்கம் மட்டும் வராது. பிரச்சினை அதுதான் என்று தெரிந்ததும் மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள், அப்புறம் ஆன்டிவைரஸை அப்டேட் செய்யுங்கள், இல்லையென்றால் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். அணைத்திருக்கும் நேரத்தில் பேங்க் தளம் பக்கமே போகாதீர்கள். போனிலும் நெட் வரவில்லை என்றால் இது உதவாது, ரூட்டரைத்தான் பார்க்க வேண்டும்.