வேலூர் மொட்டைமாடியில் வண்ணத்துப்பூச்சிக்குச் செடி வைப்பது எப்படி?

பூச்செடி மட்டும் வைத்தால் வண்ணத்துப்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அது தங்கிப் பெருக, புழு தின்னும் இலை வேண்டும். எருக்கில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். கறிவேப்பிலை, எலுமிச்சையில் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் வரும். ஈஸ்வரமூலிக் கொடி ரோஜா அழகிகளுக்கு. தொடக்கத்துக்கு எருக்கு, கறிவேப்பிலை, ஈஸ்வரமூலி மூன்றும் போதும்.

1. பையும் மண்ணும்

எருக்குக்கும் ஈஸ்வரமூலிக்கும் 12 அங்குலப் பை, கறிவேப்பிலைக்கு 15 அங்குலம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு. கறுப்புப் பை வேண்டாம். சித்திரை வெயிலில் வேர் வெந்துவிடும், வெளிப்பக்கம் வெள்ளையாக இருப்பதே நல்லது. பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். ஆடி மழையோடு ஆரம்பித்தால் கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.

2. நாற்று

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலைச் செடி தளதளவென்று இருக்கும். முட்டையும் விழும், குட்டிப் புழுவும் வரும். மூன்றாம் நாள் புழுக்கள் கறுத்துச் சுருங்கிக் கிடக்கும். செடிக்கு ஏற்கெனவே அடித்த மருந்துதான் காரணம். சில மருந்துகள் வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறி மாதக்கணக்கில் தங்கும், கழுவினாலும் போகாது.

அதனால் விதையிலிருந்து வளர்ப்பதுதான் சரி. கறுத்துப் பழுத்த கறிவேப்பிலைப் பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி, அன்றே அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். காயவைத்து எடுத்துவைத்த விதை முளைக்காது. எலுமிச்சை விதைக்கும் இதே கதை. எருக்கை பாலாற்றங்கரையிலிருந்து பிடுங்கிவந்து நட்டால் ஆணிவேர் அறுந்து வாடிவிடும். வெடித்த காயின் விதையைப் பஞ்சு நீக்கி நேரே பையில் போடுங்கள். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்வரமூலிக்கு வேலியோரக் கொடியில் விதை எடுக்கலாம், காப்புக்காட்டில் கை வைக்க வேண்டாம். இந்தக் கொடி சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு கொண்டது, மூலிகை என்று யாரும் உட்கொள்ளக் கூடாது.

3. புழு வந்த பிறகு

முதலில் பறவை எச்சம் போல ஒன்று கறிவேப்பிலை மேல் ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிடாதீர்கள், அழகியின் இளம்புழு அதுதான். கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறக் கொம்பு இரண்டு நீளும், புளித்த நாற்றம் அடிக்கும். கூட்டுப்புழு ஆவதற்கு முன் புழு செடியை விட்டு இறங்கி நடக்கும். காணாமல் போனதென்று பதற வேண்டாம். கைப்பிடிச் சுவர், பையின் விளிம்பு என்று எங்காவது தொங்கும். அந்த வாரம் மாடியைத் துடைப்பத்தால் பெருக்காமல் இருங்கள்.

இலை மொட்டையாவது சேதமல்ல, வேலை நடக்கிறது என்று பொருள். ஒரே செடி வைத்தால் புழுவுக்குத் தீனி போதாது. வகைக்கு மூன்று வையுங்கள்.

பின்சேர்க்கை: எருக்கில் மஞ்சள் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) அப்பினால் வேப்ப எண்ணெய் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், புழுவும் சேர்ந்து சாகும். முதலில் அந்தக் கிளையில் முட்டையோ புழுவோ இருக்கிறதா என்று இலையின் அடியில் பாருங்கள். இல்லையென்றால் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுங்கள். பொறிவண்டு வந்துவிட்டால் அதுவும் தேவையில்லை, மிச்சத்தை அது தின்றுவிடும்.

தேனுக்கு உன்னிச்செடி வைக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. வண்ணத்துப்பூச்சி மொய்க்கும் என்பது உண்மை, ஆனால் பறவைகள் பழத்தைத் தின்று விதையை மலைச்சரிவெல்லாம் பரப்பும். அதற்குப் பதில் இட்லிப்பூவும் கிலுகிலுப்பையும் வையுங்கள். கிலுகிலுப்பையின் வாடிய இலையையும் காயையும் சுரண்டிச் சாறு உறிஞ்ச ஆண் வெந்தய வரியன்கள் தேடிவரும்.