கல்லூரிக்கு லேப்டாப்: புது மாடலா, போன வருஷ மாடலா? படிப்படியாகப் பார்ப்போம்

பிளஸ் டூ முடிந்து அட்மிஷன் போட்ட கையோடு தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளுக்கு வருகிற பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "ஏங்க, இது லேட்டஸ்ட் மாடல்தானே?" ஆமாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் பில் போட்டுவிடுகிறார்கள். மாங்காய் விற்ற காசோ, நகைக்கடனோ, எதுவானாலும் அது நான்கு வருஷம் உழைக்க வேண்டிய பணம். போன வருஷ மாடல் இந்த வருஷ மாடலைவிட நன்றாக இருப்பது அடிக்கடி நடப்பதுதான். அதை நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்க முடியும்.

படி 1: முதலில் கல்லூரியில் கேளுங்கள்

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. பர்கூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரிகளிலோ அரசு கலைக் கல்லூரிகளிலோ சேருகிறவர்கள், உங்கள் வருஷத்துக்கு உண்டா, எப்போது வரும் என்று ஆபீஸில் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

படி 2: என்ன படிக்கப் போகிறீர்கள்?

பி.காம்., பி.ஏ. என்றால் வேர்ட், எக்செல், டேலி ஓடினால் சரி. ஐ3 பிராசசர் (லேப்டாப்பின் மூளை), 8 ஜிபி ராம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கான நினைவகம்) தாராளம். பி.சி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 16 ஜிபி பாருங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தாலே 8 ஜிபி மூச்சு வாங்கும். சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகள் ஆட்டோகேடில் சாதாரண வரைபடம் போட தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பெரிய 3டி வேலைக்குத்தான் அது வேண்டும். துறை சீனியர்களிடம் என்ன சாஃப்ட்வேர் என்று கேட்காமல் கேமிங் லேப்டாப்பில் பணத்தைப் போடாதீர்கள். எடையும் கூட, சார்ஜும் சீக்கிரம் இறங்கும்.

படி 3: பிராசசர் பெயரை முழுதாகப் படியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இன்டெல் பிராசசர் என்றால், ஸ்டிக்கரில் ஐ5 என்று இருந்தால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் போனால் முழுப்பெயர் இருக்கும். ஐ5-க்குப் பின்னால் வருகிற எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை. 8250யு என்றால் 8ஆம் தலைமுறை, 1135ஜி7 என்றால் 11, 1235யு என்றால் 12. கடைசியில் யு இருந்தால் பேட்டரியைச் சிக்கனமாகச் செலவு செய்யும். ஹெச் இருந்தால் வேகம் அதிகம், சூடும் அதிகம்.

புதுப்பெயர் வந்தாலே உள்ளே புதுசு என்று நம்பிவிடாதீர்கள். இன்டெல் 'ஐ'-யை விட்டுவிட்டுப் பெயர் வைத்த கோர் 5 120யு 2024இல் வந்தது. உள்ளே இருப்பது 13ஆம் தலைமுறை வடிவமைப்புதான். கெட்டது இல்லை, ஆனால் பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டியதும் இல்லை.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசரில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 5625யு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாரும் 7520-ஐத்தான் எடுப்பார்கள். 7520-இன் முதல் எண் 2023ஆம் வருஷ வரிசை என்று மட்டும்தான் சொல்கிறது. மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு. அது 2, அதாவது 2019இல் அறிமுகமான ஜென் 2 என்ற வடிவமைப்பு, நான்கு கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதிகள்). 5625யு 2022இல் வந்தது, ஆனால் ஜென் 3, ஆறு கோர். எண் சின்னதாக இருப்பதுதான் இங்கே வேகமானது. அதே 2023 வரிசையில் 7530யு கிடைத்தால் தைரியமாக வாங்கலாம். அதுவும் ஜென் 3, ஆறு கோர்.

விலை குறைவு என்று இன்டெலின் செலரான் என்4020, என்4500 பிராசசர்கள் பக்கம் போகாதீர்கள். பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் இரண்டே கோர். முதல் வருஷம் முடிவதற்குள் பிள்ளை அதோடு மல்லுக்கட்டும்.

படி 4: ராம், எஸ்எஸ்டி

டெமோ பீஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'சோடிம்' என்று இருந்தால் ராம் கழற்றி மாட்டுகிற வகை. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது. அதை மாற்ற முடியாது. கூடுதலாக ஸ்லாட் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 8 ஜிபி கடைசிவரை 8 ஜிபிதான். "அப்புறமா ராம் போட்டுக்கலாம்" என்பதும் பழையபடி மலிவான யோசனை இல்லை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை நன்றாக ஏறிவிட்டது. முடிந்தால் 16 ஜிபியோடு வாங்கிவிடுங்கள்.

எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) 512 ஜிபி இருந்தால் நிம்மதி. அதற்குப் பதில் இஎம்எம்சி (வேகம் குறைந்த சேமிப்பு வகை) என்று போட்டிருந்தால் வேண்டாம்.

படி 5: செகண்ட் ஹேண்ட் என்றால்

நம் பக்கத்துக்கு பெங்களூரு கிட்ட. ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற ஆபீஸ் லேப்டாப்கள் எல்லாம் அங்கே எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கட்டுமானத்தில் இவை புது பட்ஜெட் லேப்டாப்பைவிட உறுதி. நன்றாகச் சோதித்து எடுத்தால் எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை.

இன்டெலில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். 6, 7ஆம் தலைமுறையில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றி விற்கிறவர்களும் உண்டு. பிராசசர் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. 'டிசைன் கெப்பாசிட்டி' 50,000 என்றும் 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' 30,000 என்றும் காட்டினால் 60 சதவீதம்தான் மிச்சம். புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

கடைசியாக, ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முதல் திரையிலிருந்து டெஸ்க்டாப் வரை உங்கள் கண்முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது கம்பெனி பெயரைக் காட்டி ஆபீஸ் மெயில் ஐடி கேட்டால், அது இன்னும் அந்தக் கம்பெனி கணக்கில்தான் இருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 6: பில்

ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். லேப்டாப்பின் அடியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போன வருஷ மாடல் என்றால், அந்த நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கடையிலேயே பாருங்கள். சில பெட்டிகளில் வாரண்டி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கும், பில்லைக் காட்டி அதைத் திருத்தித் தரச் சொல்ல வேண்டும். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரண்டி என்றால் பென்னாகரமோ ஊத்தங்கரையோ, உங்கள் பின்கோடுக்கு அது உண்டா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.