டார்க் கன்வர்ட்டரைச் சரியாக அமர்த்துவது எப்படி?

1969-ஆம் ஆண்டு மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய டர்போ ஹைட்ராமேட்டிக் 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றுவது, பொறுமையும் நல்ல ஜாக்கியும் உள்ளவருக்கு இயலாத காரியமன்று. ஏறத்தாழ 55 கிலோ எடையுள்ள அதை நெஞ்சில் தாங்கி இறக்கும் வீரம் மட்டும் வேண்டாம். காரை நான்கு ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக நிறுத்தி, பேட்டரி இணைப்பைத் துண்டித்த பிறகே அடியில் செல்லவும்.

கழற்றும்போதைவிடப் பூட்டும்போதுதான் பெரும் பிழைகள் நேர்கின்றன. எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் முழுமையாக உள்ளே அமராவிட்டால், எஞ்சினை இயக்கும் முன்பே கியர்பாக்ஸின் புதிய ஆயில் பம்ப் உடைந்துவிடக்கூடும். கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் அளவு ஆயிலை ஊற்றி, லேசாக உள்நோக்கி அழுத்தியபடி மெல்லச் சுழற்றினால், கியர்பாக்ஸின் ஸ்டேட்டர் தண்டு (அசையாத தண்டு), இன்புட் ஷாஃப்ட் (விசையை உள்வாங்கும் தண்டு), பம்பின் பற்கள் ஆகிய மூன்றிலும் அது படிப்படியாகப் பொருந்தி, ஒவ்வொரு முறையும் 'டக்'கென்று உள்ளிறங்குவதைக் கை உணரும்.

பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூடு) எஞ்சினோடு ஒட்டியபின், கன்வர்ட்டர் கையாலேயே சுழல வேண்டும். எஞ்சினோடு சுழலும் தகடான ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையெனில், போல்ட்டை முறுக்கியே இழுத்துவிடலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, மீண்டும் கழற்றவும்.

பழைய கியர்பாக்ஸுக்குள் உள்ள கிளட்ச் கருகியிருந்தால், அதன் துகள்கள் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரிலும் தங்கியிருக்கும் என்பதால், குழாய்களையும் சேர்த்துக் கழுவவும். ஆயில் அளவை, சமதளத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, 'பார்க்' (P) நிலையில் வைத்த பிறகே டிப்ஸ்டிக்கில் பார்க்கவும்.