மேற்கோள் பட்டியலில் இனிஷியல் மட்டும் வந்தால்

ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் நடை) 7ஆம் பதிப்பு முறையில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரித்தபோது என்னைப் படுத்தியது மார்ஜினோ ஃபாண்ட்டோ இல்லை, நம் ஊர்ப் பெயர்கள்தான். மேற்கோள்களைச் சேர்த்துப் பட்டியலிடும் மென்பொருளான ஜோட்டெரோவில் டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) போட்டுக் கட்டுரையை இறக்கினால், "கபிலன் எம்." என்பது போன்ற பெயருக்கு "எம்., கே." என்று பட்டியலில் விழும். வரிக்குள் வரும் மேற்கோளிலோ "(எம்., 2018)". யார் அந்த எம்.?

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பதிப்பகம் கொடுத்த தரவில் அந்த இடத்தில் அப்பாவின் இனிஷியல் உட்கார்ந்திருக்கிறது. மென்பொருள் அதை அப்படியே நம்பிவிடுகிறது.

வேர்டில் நேராகத் திருத்திப் பயனில்லை. அடுத்த முறை ரெஃப்ரெஷ் ஆனதும் பழையபடி வந்து நிற்கும். ஜோட்டெரோவிலேயே அந்தப் பதிவைத் திறந்து, பெயர்மேல் ரைட் கிளிக் செய்து முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் இடம் மாற்றினேன். பிறகு வேர்டில் ரெஃப்ரெஷ். "கபிலன், எம்." என்று ஒழுங்காக வந்தது, அகரவரிசையும் தானாகச் சரியானது. இனிஷியலே இல்லாத ஒற்றைப் பெயரா? பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன பட்டனை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். நிறுவனப் பெயருக்கும் இதேதான்.

பட்டியலைக் கையால் தட்டச்சு செய்பவர்கள் இரண்டாம் வரியை உள்ளே தள்ள ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டாம்; வேர்டில் கன்ட்ரோல்+டி (T) போதும், அரை அங்குலம் நகரும். மாணவர் கட்டுரைக்கு 7ஆம் பதிப்பில் ரன்னிங் ஹெட் (பக்கந்தோறும் மேலே வரும் சுருக்கத் தலைப்பு) தேவையில்லை, உங்கள் கைடு கேட்டால் மட்டும் போடுங்கள்.