கைவினைக் கத்தி வாங்கும்போது கண் ஏமாறும் இடங்கள்

நான் முதன்முதலில் சொல்லிச் செய்து வாங்கிய கத்தி ஆப்பிளை நறுக்கவில்லை, பிளந்தது. அலகு பாதி இறங்குவதற்குள் படக்கென்று சத்தம் கேட்டது. பழம் இரண்டாக விரிந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் மேல் பாதி வழவழவென்று வெட்டு, கீழ்ப் பாதி சொரசொரவென்று முறிவு. கையில் உள்ள முடியை வழிக்கும் அளவுக்குக் கூர் இருந்தது. ஆனால் கூர் இல்லாத மேல் விளிம்பின், அதாவது முதுகின், கனம் 6 மில்லிமீட்டர். உறுதியாக இருக்கட்டும் என்று நானே கேட்ட கனம் அது. செய்தவரும் எதற்கு என்று கேட்கவில்லை.

மடங்காத கத்தி வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான்: என்ன வேலைக்கு என்று தீர்மானிக்காமல் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. காய் நறுக்க, மீன் செதில் நீக்க, மரம் செதுக்க, விறகு பிளக்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உடல்வாகு வேண்டும். பொதுவான கைவேலைக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் முதுகு தாராளம். அதைவிட முக்கியமானது, பலரும் கேட்கவே கேட்காத ஒரு அளவு: கூர் தீட்டுவதற்கு முன் வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பு, எவ்வளவு கனம்? நறுக்குகிற கத்தி என்றால் அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கொத்துகிற கத்திக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிப் போகலாம். ஒரே எஃகு, ஒரே கூர் என்றாலும் இந்த அளவு மாறினால் கத்தியின் குணமே மாறிவிடும்.

நீளமும் அப்படியே. வேட்டைக் கத்திகளுக்குப் பெயர்போன பாப் லவ்லெஸ் (1929–2010) பரவலாக்கிய, முனை தாழ்ந்த வடிவத்தின் அலகு ஏறக்குறைய 4 அங்குலம்தான். 8 அங்குலக் கத்தி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் நுனி கையை விட்டு அவ்வளவு தூரம் போய்விட்டால் நுணுக்கமான வேலை ஓடாது.

அடுத்த மயக்கம் எஃகின் பெயர். 1095, 5160, 52100, டி2, எஸ்30வி என்று எண்ணும் எழுத்தும் மனப்பாடம் செய்துகொண்டு, 'இந்த எஃகில் செய்து கொடுங்கள்' என்று போய் நிற்கிறோம். எஃகு அரிசி மாதிரி; எந்த ரகமானாலும் குழைந்துபோனால் குழைந்ததுதான். கத்தியின் உயிர் உலையிலும் தோய்ச்சலிலும் இருக்கிறது. 1095 போன்ற கரிம எஃகை 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்ததும் அது கண்ணாடிபோல் கடினமாகிவிடும்; கீழே விழுந்தாலே உடையலாம். பிறகு 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம், அநேகமாக இரண்டு தடவை, பதப்படுத்தினால்தான் கடினத்தோடு எளிதில் உடையாத இழுவையும் சேரும். துருப்பிடிக்காத எஃகுகளுக்கு 1,000 டிகிரிக்கு மேல் வேண்டும். நெருப்பின் நிறத்தைப் பார்த்துக் கண் மதிப்பில் செய்கிற காரியம் அல்ல, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சூளை தேவை. இந்த எஃகுக்குத் தோய்ச்சல் எங்கே நடக்கிறது, ராக்வெல் என்ற அளவுகோலில் கடினம் எவ்வளவு, யார் அளந்தது என்று தயங்காமல் கேளுங்கள். 58 முதல் 61 வரை என்று பதில் வந்தால் பெரும்பாலான கைக்கத்திகளுக்குப் பொருந்தும். வேறொரு கூடத்தில் கொடுத்துச் செய்கிறேன் என்றால் அது குறையே இல்லை. கேள்வியைத் தட்டிக் கழித்துவிட்டுப் பிடியின் மரத்தைப் பற்றிப் பேசுகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

அமெரிக்காவில் பில் மோரன் முதலானோர் 1976-இல் தொடங்கிய கத்திக் கொல்லர் சங்கத்தின் தேர்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே கத்தி தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரக்கட்டையைக் கொத்தித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் முடியை வழிக்க வேண்டும், கடைசியில் 90 டிகிரி வளைத்தும் இரண்டாக ஒடியக் கூடாது. நாம் வாங்கும் கத்தியை யாரும் அப்படி வளைக்க வேண்டியதில்லை. ஆனால் தன் கத்தி ஒன்றையாவது வேண்டுமென்றே உடைத்துப் பார்த்திருக்கிறாரா என்று செய்பவரிடம் கேட்கலாம். உடைந்த இடத்தில் எஃகின் நுண்மணிகள் பொடிப்பொடியாக, சாம்பல் நிறப் பட்டுபோல் இருந்தால் தோய்ச்சல் சரி. சர்க்கரைபோல் மின்னினால் அதிகம் காய்ந்துவிட்டது.

டமாஸ்கஸ் என்ற பெயருக்கு மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை. பழைய டமாஸ்கஸ் வாள்கள் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், உருக்கிய எஃகால் ஆனவை. இன்று அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் இரண்டு எஃகுகளை அடுக்கி, அடித்து ஒட்டவைத்தது. 1084 என்ற எஃகும், 2 சதவீதம் நிக்கல் கலந்த 15என்20 என்ற எஃகும் சேர்ந்தால் அமிலத்தில் முக்கியதும் கறுப்பும் வெள்ளியுமாக அலை எழும். நன்றாகச் செய்தால் அருமையான பொருள். என்ன எஃகு என்று சொல்லாமல் வெறும் டமாஸ்கஸ் என்று விற்றால் வாங்காதீர்கள்; கோலம் கூர்மையைத் தராது.

பிடிக்குள் போகும் இரும்பு வால், பிடி முழுக்கத் தெரிந்தால்தான் வலு என்பது பாதி உண்மை. மெல்லிய வால் உள்ளே மறைந்திருக்கும் கத்திகளும் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கின்றன. அலகும் வாலும் சேரும் மூலை வளைவாக ராவப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. அங்கே கூர்மூலை இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

பிடியைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரல்களுக்குத் தனித்தனியாகப் பள்ளம் வைத்த பிடி, செய்தவரின் விரல்களுக்குப் பொருந்தும். உங்களுடையவை எங்கே உட்காரும் என்று அவருக்குத் தெரியாது. முடிந்தால் கையில் வாங்கி ஒரு குச்சியைப் பத்து நிமிடம் செதுக்குங்கள். பிறகு உள்ளங்கையைப் பாருங்கள். சிவந்திருக்கும் இடம் எதுவோ, அந்த விளிம்பு நாளை கொப்புளம் போடும். எனக்கு அது எப்போதும் பெருவிரலின் அடிமேட்டில்தான் வரும். நேரில் பார்க்க முடியாவிட்டால் உங்கள் உள்ளங்கையின் அகலத்தை அளந்து அனுப்புங்கள்; கத்தியின் முதுகுப் பக்கமிருந்து நேராக எடுத்த படம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கச் சரிவும் சமமா, பிடியில் இடைவெளி இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கோணத்தில்தான் தெரியும். பக்கவாட்டுப் படம் அழகை மட்டும் காட்டும்.

உறையை இலவச இணைப்பாக நினைக்க வேண்டாம். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் கத்தி விழக்கூடாது; உருவும்போது கத்தியின் வாய் உறையின் தையலை அறுக்கக் கூடாது. தோல் உறை இடுப்பில் சுமக்க மட்டுமே. மாதக்கணக்கில் அதற்குள்ளேயே வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துக் கரிம எஃகில் துரு ஏற்றிவிடும்.

கடைசியாக, ஒருவரிடம் போய் இன்னொருவரின் வடிவத்தைச் செய்யச் சொல்லாதீர்கள். அவர் நூறு தடவை செய்து தேர்ந்த வடிவத்தில் உங்களுக்கு ஒத்ததை எடுத்துக்கொண்டு, பிடியின் பருமனையோ மரத்தையோ மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதம் ஆகும், வாய் பெயர்ந்தால் திருப்பி எடுத்துச் சரிசெய்வாரா என்ற மூன்றையும், வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.