லேண்ட்லைன் இல்லாமல் சிம் கார்டிலேயே வீட்டு நெட்டை ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம். ஆனால் போன் ஹாட்ஸ்பாட்டை நாள் முழுக்கப் போட்டு வைத்தால் பேட்டரி சூடாகிக் கெடும், நீங்கள் வெளியே கிளம்பினால் வீட்டு நெட்டும் கூடவே கிளம்பிவிடும். சிம் போடுகிற 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. போன் திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் சிம் நிலையைக் காட்டும் பக்கத்தில் சிக்னல் பலத்தைச் சொல்லும் ஓர் எண் டிபிஎம் என்று மைனஸில் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் ஜன்னலாக நடந்து பாருங்கள்: 4ஜியில் மைனஸ் 85 பக்கம் வந்தால் அருமை, மைனஸ் 110 பக்கம் போனால் அந்த இடம் தேறாது. வேகத்தை இரவில் சோதியுங்கள், எல்லோரும் டவரை மொய்க்கும் நேரம் அதுதான்.

சரி, டேட்டா? ஹெச்டி வீடியோ மணிக்கு 3 ஜிபி வரைகூடத் தின்னும். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் எத்தனை ஜிபிக்கு மேல் வேகத்தைக் குறைப்பார்கள், ரவுட்டரில் அந்த சிம்மைப் போட விடுவார்களா என்று கேட்டுவிட்டே பிளான் எடுங்கள். அப்புறம், ரவுட்டரில் போர்ட் திறந்து, அதாவது வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி விட்டு, வீட்டு கேமராவைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: மொபைல் நெட்டில் பெரும்பாலும் தனி பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை நேராக எட்டும் நெட் முகவரி) கிடைக்காது, அந்த வழி வேலை செய்யாது, கேமராவின் ஆப் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.