பரணில் கிடப்பதை விற்றுக் குடும்பக் கடனை அடைப்பது எப்படி

வீட்டில் சும்மா கிடக்கும் பொருளை விற்று வரும் பணம் ஒரே ஒரு முறைதான் வரும். அது மாதத் தவணைக்கும் அன்றாடச் செலவுக்கும் கரைந்துவிட்டால், அடுத்த மாதம் பொருளும் இருக்காது, கடனும் அப்படியே நிற்கும். அதனால் பரணில் ஏறுவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: தவணை வழக்கம்போல வருமானத்திலிருந்து போகட்டும், விற்ற பணம் அசலைக் குறைக்க மட்டும்.

முதலில் கடன் பட்டியல், அப்புறம்தான் அலமாரி

ஒரு முழுத் தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள்: யாரிடம் வாங்கியது, இன்றைய தேதியில் பாக்கி எவ்வளவு, வட்டி என்ன, மாதத் தவணை, தவணைத் தேதி, ஈடாகக் கொடுத்தது என்ன, முன்கூட்டியே கட்டினால் கட்டணம் உண்டா. உறவினரிடமும் நண்பரிடமும் வாங்கிய கைமாற்றும் இதில் வர வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வாங்கிய சிறு கடன்தான் பெரும்பாலும் விட்டுப்போகும், பிறகு அதுவே திட்டத்தைக் கவிழ்க்கும். எழுதும் நாளில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். சொன்னால் மறைந்திருக்கும் அடுத்த கடன் தாளுக்கு வராது.

வட்டியை எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சில கடன்களில் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். ஒரு வருடத்தில் அடைக்க வேண்டிய 12,000 கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று அப்படிக் கணக்கிட்டால் வட்டி 1,440, மாதத் தவணை 1,120. ஆனால் ஆறு மாதத்தில் பாதி அசல் திரும்பிப் போயிருக்கும், அதற்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்ற முறையில் பார்த்தால் இது 12 இல்லை, ஏறத்தாழ 21.5 சதவீதம். கடன் அட்டையின் மாதம் 3 சதவீதமும் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி ஏறி அது ஆண்டுக்கு 42.6 சதவீதம் ஆகிறது. அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே அடைத்து முடிக்கும் வரை அந்த அட்டையில் எதையும் வாங்காதீர்கள்.

எந்தக் கடனை முதலில் தொடுவது? தவணை தவறி நிற்பது, கெடு முடிந்தால் ஏலத்துக்குப் போகக்கூடிய அடகு, இவை இரண்டும்தான் முதல் வரிசை. அதற்குப் பிறகு வட்டி அதிகமுள்ளது. சின்னக் கடனை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பு வரும் என்பதும் உண்மைதான். இரண்டு கடன்களின் வட்டி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சின்னதை முடித்துவிடுங்கள். வட்டியில் பெரிய இடைவெளி இருந்தால் வட்டி சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பணம் கட்டும்போது ஒரு வாக்கியம்

இந்த இடத்தில்தான் பலரும் நஷ்டப்படுகிறார்கள். 1,00,000 கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம், 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை 3,321. முதல் தவணை கட்டியதும் பொருள் விற்ற பணம் 20,000-ஐ அசலில் கட்டுகிறீர்கள். தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால், மீதி 35 தவணை 27 ஆகிவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 7,300. காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைத்தால் அது 2,641 ஆகும். மிச்சம் சுமார் 3,800 மட்டுமே. கட்டிய பணம் ஒன்றுதான், பலன் மட்டும் பாதி.

எனவே பணத்தோடு எழுத்தில் ஒரு வாக்கியமும் போக வேண்டும்: “இந்தத் தொகையை அசலில் வரவு வைத்து, தவணைத் தொகையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்.” அப்படிச் சொல்லாவிட்டால் சில இடங்களில் அதை வரப்போகும் தவணைக்கான முன்பணமாக வைத்துவிடுவார்கள். அபராதமோ பழைய வட்டியோ பாக்கி இருந்தால் பணம் வழக்கமாக முதலில் அதற்குத்தான் போகும், அசல் அசையாது. அதை நேர் செய்துவிட்டு அசலுக்கு வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசித் தவணைத் தேதி முன்னுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் இருந்தால், மிச்சமாகும் வட்டியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கட்டுங்கள். இத்தனைக்குக் குறைவாக முன்கூட்டிக் கட்டினால் வாங்க மாட்டோம் என்று வரம்பு இருந்தால், அந்த அளவு சேரும் வரை பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும்.

தனிக் கணக்கு கட்டாயம் வேண்டும். ரொக்கமாக வந்த விற்பனைப் பணம் சமையலறை டப்பாவில் ஒரு வாரம் தங்காது. வாங்குபவர் நேராக அந்தக் கணக்கிலேயே போடும்படி செய்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று அங்கிருந்து கடனுக்கு மாற்றுங்கள். ஒரு விலக்கு உண்டு: கையில் அவசரத்துக்கென்று எதுவுமே இல்லாத வீடு என்றால், முதலில் வரும் பணத்தில் ஒரு மாத அடிப்படைச் செலவுக்காவது எடுத்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த காய்ச்சல் மறுபடி கடன் அட்டையில்தான் போய் நிற்கும்.

எதை விற்பது, எதைத் தொடக்கூடாது

புகைப்படப் பெட்டியிலும் பாட்டியின் சாமானிலும் தொடங்கினால் அன்று முழுக்க அதிலேயே போய்விடும். பரண், கட்டிலுக்கு அடியில், பால்கனி மூலை, மின்சாதனங்கள் கிடக்கும் இழுப்பறை, இவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு தடவைக்கு ஒரு இடம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எடுத்த ஒவ்வொன்றும் விற்க, கொடுக்க, கழிக்க, வைத்துக்கொள்ள என்று நான்கில் ஒன்றில் விழ வேண்டும். முடிவு வராததை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, ஒட்டி, மேலே தேதி எழுதுங்கள். 90 நாளில் யாரும் அதைத் திறக்கவில்லை என்றால் அது விற்பனைக்கு.

அடுத்தவர் பொருளைக் கேட்காமல் விற்காதீர்கள், குழந்தையின் சைக்கிளானாலும் சரி. ஒரு முறை அப்படி நடந்தால் வீட்டில் எல்லோரும் தங்கள் பொருளை ஒளிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

விற்கலாமா வேண்டாமா என்று தடுமாறும் பொருளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த 12 மாதத்தில் இது மறுபடி தேவைப்படுமா, அப்போது வாங்க என்ன ஆகும்? 2,000-க்கு விற்று, ஆறு மாதத்தில் 7,000 கொடுத்து வாங்குவது மாதம் 3 சதவீத வட்டியைவிட மோசமான கணக்கு. தையல் இயந்திரம், கருவிப் பெட்டி, வேலைக்குப் போகும் வண்டி போல வருமானம் கொண்டுவரும் எதுவும் விற்பனைப் பட்டியலில் வரக்கூடாது. தவணையில் வாங்கி இன்னும் முடியாத பொருளும், கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்ததும் கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் விற்கக்கூடியவை அல்ல. வண்டியை விற்றால், பதிவில் பெயர் மாறும் வரை அபராதமும் விபத்துப் பொறுப்பும் உங்களைத் தேடி வரலாம். சாவி கொடுக்கும் அன்றே பெயர் மாற்றத் தாள்களையும் முடித்துக்கொள்ளுங்கள்.

விலை

மறுவிற்பனைத் தளங்களில் நீங்கள் பார்ப்பது கேட்கும் விலை. அந்த விலைக்கு விற்கவில்லை என்பதால்தான் அது இன்னும் அங்கே கிடக்கிறது. அதே மாதிரிப் பொருள் எந்த விலையில் பட்டியலை விட்டுப் போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். நல்ல நிலையில் ஓடும் பெரும்பாலான வீட்டுப் பொருளுக்கு, இன்றைய புது விலையில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை கிடைத்தால் நியாயம். நீங்கள் அன்று கொடுத்த விலையை மறந்துவிடுங்கள், வாங்க வருபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பேரத்துக்கு 10 முதல் 15 சதவீதம் இடம் விட்டு விலை சொல்லுங்கள். இதற்குக் கீழே தர மாட்டோம் என்ற அடிவிலையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வைத்து முடிவெடுத்தால் இளகிவிடுவோம். 7 நாளில் விசாரிப்பே இல்லை என்றால் 10 சதவீதம் குறையுங்கள். 14 நாளில் இன்னொரு 10. 21 நாளிலும் போகாததை வேறொரு பொருளோடு சேர்த்து விற்கலாம், அல்லது காயலான் கடைக்கோ தேவைப்படுபவருக்கோ கொடுத்துவிடலாம். “விற்பனைக்கு” என்ற பெயரில் கூடத்தில் ஆறு மாதம் நிற்கும் சாமானும் அடைசல்தான்.

மின்னணுச் சாதனத்தை முதலில் தள்ளிவிடுங்கள், மாதாமாதம் விலை இறங்குவது அதுதான். மரச் சாமான் காத்திருக்கும். பருவத்துக்கு வேண்டியதைப் பருவம் தொடங்க மூன்று நான்கு வாரம் முன்பு விற்க வேண்டும்.

உலோகப் பாத்திரங்கள் எடைக்குப் போகும். கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே வகை பிரித்து எடை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காந்தம் போதும்: செம்பு, பித்தளை, அலுமினியம் எதிலும் ஒட்டாது. பித்தளை என்று நினைத்த குத்துவிளக்கில் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. எவர்சில்வரில் ஒட்டாததும் உண்டு, ஒட்டுவதும் உண்டு; ஒட்டுகிறது என்பதற்காக இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொண்டுபோனால் செம்பும் இரும்பு விலைக்குப் போகும். செம்புக்காக மின்கம்பியைக் கொளுத்த வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

விற்பனைக்குத் தயார் செய்தல்

படம் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், பின்னால் வெறும் சுவரோ வெள்ளைத் துணியோ இருக்கும்படி எடுங்கள். ஆறு படம் போதும்: முன்புறம், பின்புறம், மாடல் எண் உள்ள தகடு, ஓடிக்கொண்டிருக்கும் நிலை, அளவு நாடாவோடு, குறையை நெருக்கத்தில். கீறலை மறைத்துப் போட்ட படம் பத்துப் பேரை வரவழைக்கும். பத்துப் பேரும் வாசலில் நின்று விலையைக் குறைப்பார்கள். நீளம், அகலம், உயரம், எத்தனை வருடம் ஆனது, கூட என்ன தருகிறீர்கள், இவ்வளவும் முதல் மூன்று வரியில் வர வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியை விற்கும் முந்தைய நாளே அணைத்து, பனி உருகியதும் துடைத்து, கதவை ஒரு விரல் இடைவெளியில் திறந்து வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சை நாற்றம் வரும், அதோடு விலையும் இறங்கும். நிமிர்த்தியபடியே கொண்டுபோகச் சொல்லுங்கள். படுக்க வைத்துக் கொண்டுபோனால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். இதை வாங்குபவரிடம் சொல்லாவிட்டால் “ஓடவில்லை” என்று மறுநாள் போன் வரும். முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்தின் பின்னால், வண்டியில் ஏற்றும்போது முறுக்க வேண்டிய போல்ட்டுகள் உண்டு. அவை இல்லாமல் ஏற்றினால் தொட்டி ஆடி அடிபடும்.

கைபேசியில் வரிசை முக்கியம். படங்களைப் பிரதி எடுங்கள், பிறகு எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள், அதற்கப்புறமே எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்கு (ஃபேக்டரி ரீசெட்) மாற்றுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்து, வாங்கியவர் உங்கள் கடவுச்சொல் கேட்டு நிற்பார். சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றிவிடுங்கள். நினைவக அட்டையில் கோப்பை நீக்குவது உண்மையில் அழிப்பதாகாது. அதை விற்காமல் வைத்துக்கொள்வதே நல்லது. பேட்டரி உப்பியிருந்தால் அந்தப் போனை விற்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அடிபட்ட தலைக்கவசமும் விபத்தில் சிக்கிய குழந்தை இருக்கையும் விற்பனைக்கு ஆகாது.

பணம் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

பணம் பெறுவதற்கு நீங்கள் எந்த கியூஆர் குறியீட்டையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண்ணும் ஓடிபியும் தர வேண்டியதில்லை. கேட்டால் அவர் வாங்க வந்தவர் இல்லை. “கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்பதும் அதே கூட்டம்தான். குறுஞ்செய்தியையோ அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ நம்பாமல், உங்கள் கணக்கைத் திறந்து பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். சின்னப் பொருளை ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்தில் கொடுக்கலாம். பெரிய பொருளை முன்கூட்டியே வாசலருகே கொண்டுவந்து வைத்து, வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். பிடித்து வைக்கச் சொல்பவரிடம் சிறு முன்பணம் வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் பணத்தோடு வருபவருக்கே.

ஒரு கடன் முடிந்த அன்று

அந்தக் கடனின் தவணைத் தொகை கையில் மிஞ்சும். அதை அடுத்த மாதமே அடுத்த கடனின் தவணையோடு சேர்த்துக் கட்டத் தொடங்குங்கள். காலியான பரணைப் பற்றியும் ஒரு ஏற்பாடு வேண்டும்: கடன் தீரும் வரை, ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போக வேண்டும்.

கடைசித் தவணை கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்து வந்துவிடாதீர்கள். கணக்கில் பாக்கி இல்லை என்ற சான்று, ஈடாகக் கொடுத்த அசல் ஆவணங்கள், கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகள், எல்லாம் கைக்கு வர வேண்டும். உறவினருக்கு எழுதிக் கொடுத்த சீட்டு என்றால் “முழுதும் பெற்றுக்கொண்டேன்” என்று அவர் கையெழுத்தும் தேதியும் போட்ட பிறகு திரும்ப வாங்குங்கள். தானாகப் பணம் எடுக்க வங்கியில் கொடுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் சான்றின் நகலோடு திருத்தம் கேட்டு எழுதுங்கள்.